ஆட்சேபணையுள்ள புறம்போக்கு

கால் மரத்தது முதலில் செருப்புக்குத்தான் தெரிந்தது.
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
கூட்ஸ் போகக் காத்து நின்றுவிட்டு நடந்தால்
இடது செருப்பு தண்டவாளத்திலேயே கிடக்கிறது.
பின்னால் வந்த பையன் எடுத்துக் கொடுத்தான்.
கழன்றதே எனக்குத் தெரியாது.

தஞ்சாவூரில் ஸ்கேன்.
முதுகெலும்பின் இரு பக்கமும்
வரப்போரக் காளான் மாதிரி
ஏழெட்டுக் கட்டிகள்.
அண்ணன் வெளியே போய் டீ வாங்கி
குடிக்காமல் கையிலேயே கொண்டுவந்தான்.
அந்த நோயின் பேரைச் சொல்லாமல்
எல்லோரும் ஊசி போட்டுப் பார்த்துவிடலாம் என்றார்கள்.

பத்து நாள் கழித்துத் தாள் வந்தது.
புற்று இல்லை.
ரத்தம்.
ரத்தம் உண்டாகும் இடம்,
எலும்புக்கு வெளியே.

தாலுகா ஆபீஸில் எனக்கு ஆக்கிரமிப்புப் பிரிவு.
பதினோரு வருஷமாக எழுதுகிற வார்த்தை
என் முதுகிலேயே இருந்திருக்கிறது.

அப்பா, அம்மாவுக்கு அத்தை மகன்.
ஆளுக்கு அரைப் பழுது,
அதை அறியாமலே குறுவை அறுத்தார்கள்,
சீட்டு கட்டினார்கள், சண்டை போட்டார்கள்.
அண்ணனுக்கு ஒரு பங்கு.
எனக்கு இரண்டும், கூட்டுப் பட்டாவாக.
வாரிசுச் சான்றிதழ் கேட்காமல்
எங்கள் வீட்டில் கைமாறிய ஒரே சொத்து.

என் எலும்புக்குள் ரத்தம் விளையாமல் இல்லை,
விளைந்த இடத்திலேயே முக்கால்வாசி பதர்.
போதவில்லை போதவில்லை என்று
உடம்பு ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தது.
கன்னத்து எலும்பைத் தள்ளிக்கொண்டு போனார்கள்
(பள்ளிக்கூடத்துப் பட்டப்பெயர் இங்கே வேண்டாம்).
மண்ணீரலில் குடியேறினார்கள்,
பேரிலேயே மண் இருந்தால் விதைக்காமல் விடுவார்களா.
தொப்புளைத் தாண்டி வளர்ந்த அதை
பதினாலு வயதில் எடுத்துப் போட்டார்கள்,
ஒன்றேகால் கிலோ.
அங்கிருந்து கிளப்பப்பட்டவர்கள்தான்
சட்டி பானையோடு
முதுகோரம் வந்திருக்க வேண்டும்.

டாக்டர் திருவாரூர்க்காரர், நல்ல மனிதர்.
"ஆத்துல அடைப்புன்னா தண்ணி
கரையை உடைச்சுக்கிட்டுப் போவுமில்ல,
அந்த மாதிரிம்மா" என்றார்.
இல்லை சார்.
உடைத்துக்கொண்டு போன தண்ணீர் வேலை செய்யாது.
இவர்கள் செய்தார்கள்.
எட்டு கிராம் ஹீமோகுளோபினில்
நான் ஃபைல் தூக்கி மாடியேறிய நாள்களில்
ஒரு படியாவது இவர்கள் ஏற்றியது.

போன ஆனியில் கோரையாற்றுக் கரை,
ரெத்தினாம்பாளுக்கு நோட்டீஸ்.
தகரக் கொட்டகை, பாகல் பந்தல், இரண்டு ஆடு.
டிரங்குப் பெட்டியைத் திறந்து
முப்பது வருஷத்துப் பி மெமோ ரசீதுகளைப்
பாயில் பரப்பினாள்.
அபராதம் கட்டியதையே பாத்தியதை என்று நம்பியிருந்தாள்.
"இங்க இருந்து நான் யாரு குடியக் கெடுத்தேன்?"
இது நீர்வழி, என்றேன்.
ஆட்சேபணையுள்ள புறம்போக்கு,
பட்டா தர வழியில்லை.
கிளம்பும்போது ஒரு பை பாகற்காய் கொடுத்தாள்.
வாங்கியிருக்கக் கூடாது.
வாங்கிக்கொண்டேன்.

இப்போது இவர்கள்.
மூன்று வாரத்துக்கு ஒருமுறை வேறு ரத்தம் ஏற்றினால்
உடம்பு ஆள் அனுப்புவதை நிறுத்துமாம்.
வேலையில்லாமல் தாமாகச் சுருங்குவார்களாம்.
மசியாவிட்டால் கதிர்வீச்சு.
நரம்பு போகும் வழி,
அங்கே இடம் கொடுக்க முடியாது.
சரிதான். சட்டம் தெரிந்தவள் நான்.
ஏழாம் பிரிவில்கூட முதலில் காரணம் கேட்போம்.
இவர்களை ஒருவரும் கேட்கவில்லை.

முதல் பை இறங்கிக்கொண்டிருக்கிறது.
யார் கொடுத்ததோ, பேர் இல்லை,
சர்வே எண் மாதிரி ஒரு நம்பர்.
மல்லாந்து படும்மா, கை வலிக்காது, என்கிறாள் நர்ஸ்.
தலையாட்டிவிட்டு
ஒருக்களித்தே கிடக்கிறேன்.
போகப்போகிறவர்கள்,
அதுவரை மேலே பாரம் வைப்பானேன்.